பழையதும் புதியதும் கலந்து உடுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அலமாரியில் பாதிக்குப் பாதி, யாரோ உடுத்திக் கழித்த துணிகள். மீதி, எந்தக் கடைத்தெருவிலும் இருக்கிற பெரிய ரெடிமேட் கடைகளில் வாங்கியவை. இரண்டையும் கலந்துதான் தினமும் வெளியே போகிறேன். இதைத் தெரிந்துகொண்டவர்கள் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

எதைப் பழையதாக வாங்கலாம், எதைப் புதிதாக வாங்க வேண்டும்?

உடம்போடு ஒட்டுவது புதிது, அதற்கு மேலே வருவது பழையது. இந்த ஒரு கோட்டை வைத்துக்கொண்டாலே முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

உள்ளாடை, காலுறை, நீச்சலுடை, உடற்பயிற்சிக்கு இறுக்கமாகப் போடும் உடுப்பு, வெள்ளை டீ-ஷர்ட் ஆகியவற்றைப் புதிதாகவே வாங்குங்கள். சுத்தம் மட்டும் காரணமில்லை. இவற்றில் பெரும்பாலானவை எலாஸ்டேன் கலந்தவை. ரப்பர்போல இழுபடும் அந்த நூல் வெப்பத்திலும் குளோரினிலும் வியர்வையிலும் சீக்கிரம் தளர்ந்துவிடும். தளர்ந்ததை எந்த டெய்லராலும் மீட்க முடியாது. வெள்ளை டீ-ஷர்ட்டைப் பொறுத்தவரை அதன் அழகே வெளுப்பில்தான் இருக்கிறது; அது போன பிறகுதான் பழைய துணிக் கடைக்கே வருகிறது.

கோட், ப்ளேசர், நல்ல கம்பளி ஸ்வெட்டர், எலாஸ்டேன் கலக்காத ஜீன்ஸ், டெனிம் சட்டை, தோல் பெல்ட், தோல் பை, ஷால் எல்லாம் பழையதாக வாங்கத் தகுந்தவை. கனமான துணி, உள்ளே லைனிங், கெட்டியான தையல் என்று 'எலும்பு' உள்ள உடுப்புகள் இவை. புதிதாக வாங்கினால் அதிகம் செலவு வைப்பதும் இவைதான். இன்னொருவர் இரண்டு வருடம் போட்டுப் பழக்கிய டெனிம், புதிய டெனிமைவிட உடம்புக்கு இதமாக இருக்கும்.

சட்டை, பேன்ட், ஸ்கர்ட் எல்லாம் நடுவில் நிற்பவை. கிடைப்பதைப் பொறுத்து முடிவு செய்யலாம்.

வேறொருவர் உடுத்திய துணி என்றாலே மனது ஒப்பவில்லையே?

ஒப்பவில்லை என்றால் விட்டுவிடுங்கள், கட்டாயம் ஒன்றுமில்லை. ஆனால் புதுக்கடையின் ட்ரயல் ரூமில் நாம் எடுக்கும் சட்டையும் எத்தனையோ தோள்களில் ஏறி இறங்கியதுதான். அதை வாங்கிவந்த அன்றே துவைக்காமல் போட்டுக்கொள்கிறோம். ஒரு பெல்ட்டிலோ ஷாலிலோ ஆரம்பித்துப் பாருங்கள். பழகவில்லையா, அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வாங்கி வந்ததும் எப்படிச் சுத்தம் செய்வது?

'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் எந்தச் சூட்டில் கசக்க வேண்டும் என்று சொல்லாமல் போய்விட்டார்கள். அதற்குக் காலருக்குப் பின்னாலோ இடப்பக்கத் தையலிலோ தைத்திருக்கும் சின்னச் சீட்டைப் பாருங்கள். தொட்டிப் படத்துக்குள் இருக்கும் எண்தான் அந்தத் துணி தாங்கும் அதிகபட்ச வெப்பம். முக்கோணம் ப்ளீச்சுக்கு, சதுரம் உலர்த்துவதற்கு, வட்டம் டிரை கிளீனிங்குக்கு. எதன்மேல் குறுக்குக்கோடு போட்டிருக்கிறதோ அதைச் செய்யக் கூடாது. இஸ்திரிப் பெட்டிப் படத்தில் ஒற்றைப் புள்ளி என்றால் குறைந்த சூடு; புள்ளி கூடக் கூடச் சூடும் கூடலாம்.

பருத்தி, லினன் போன்றவை தாங்கும் என்றால் 60 டிகிரி செல்சியஸில் ஒருமுறை துவைத்துவிடுங்கள். மூட்டைப்பூச்சியும் அதன் முட்டையும் அந்தச் சூட்டில் பிழைக்காது. கம்பளியை அப்படிப் போட்டால் குழந்தைச் சட்டை அளவுக்குச் சுருங்கி வெளியே வரும். அதற்கு வேறு வழி இருக்கிறது. காற்றுப் போகாத பிளாஸ்டிக் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரியோ அதைவிடக் குளிராகவோ உள்ள ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். துணிப்பூச்சியின் புழு பெரும்பாலும் கம்பளியையும் பட்டுத் துணியையும்தான் தின்னும், சுத்தமான பருத்தியைப் பொதுவாகச் சீண்டாது. அதனால் கம்பளி வாங்கிய அன்றே மற்றத் துணிகளோடு அலமாரியில் வைத்துவிடாதீர்கள். நான் ஒருமுறை அந்தப் பொறுமை இல்லாமல் ஒரு மஃப்ளரை நேரே உள்ளே வைத்தேன். என்னிடமிருந்த ஒரே நல்ல ஸ்வெட்டரின் முழங்கையில் சல்லடை விழுந்தது.

புதிதாக வாங்கியதையும் துவைத்துவிட்டுப் போடுங்கள் என்பேன். கசங்காத சட்டை என்று விற்கும் பருத்தித் துணிகளுக்குப் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு என்ற வேதிப்பொருள் சார்ந்த பிசின் பூச்சு கொடுத்திருப்பார்கள். அடர்நிறத் துணிகளில் ஒட்டாத சாயமும் மிச்சம் இருக்கும்.

துவைத்த பிறகும் ஒரு வாசனை போகவில்லை. என்ன செய்யலாம்?

எந்த வாசனை என்பதைப் பொறுத்தது. அந்துருண்டை வாசனை என்றால் நிழலில், காற்றோட்டத்தில் ஒரு வாரம் தொங்கவிடுவதைவிடச் சிறந்த மருந்து கிடையாது. பூஞ்சை வாசனைக்கு வெயில் உதவும். கருந்திட்டுகளாகப் படர்ந்திருந்தால் அந்தத் துணியை மறந்துவிடுங்கள். சிகரெட் வாசனை லைனிங்கில் ஒளிந்திருக்கும், ஒரு துவைப்பில் போகாது.

பிடிவாதமானது வியர்வை நாற்றம்தான், அதிலும் பாலியஸ்டரில். பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் 2014-ல் ஓர் ஆய்வு நடந்தது. 26 பேரை ஒரு மணி நேரம் சைக்கிள் மிதிக்க வைத்து, அவர்கள் போட்டிருந்த டீ-ஷர்ட்டுகளை அடைத்து வைத்து, மறுநாள் முகர்ந்து பார்த்தார்கள். பருத்தியைவிடப் பாலியஸ்டர்தான் அதிகம் நாறியது. நாற்றம் எழுப்பும் ஒருவகை நுண்ணுயிர் அந்த நூலில் செழித்து வளர்ந்திருந்தது. ஆகவே கடையிலேயே பாலியஸ்டர் சட்டையின் அக்குளை மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம், பழைய துணி வாங்குகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். உலர்ந்த துணியிலேயே லேசாக வாடை வந்தால், போட்டுக்கொண்டு வியர்க்கும்போது முழுதாக எழும்பிவிடும்.

அக்குளில் மஞ்சள் கறை இருந்தால்?

வெறும் வியர்வையால் வருவதில்லை இது. வியர்வையைத் தடுக்கப் பூசும் பொருள்களில் உள்ள அலுமினிய உப்பும் வியர்வையும் சேர்ந்து படிவது. குளோரின் ப்ளீச் ஊற்றினால் மஞ்சள் இன்னும் கூடும். பருத்தி என்றால் சோடியம் பெர்கார்பனேட் அடிப்படையிலான ஆக்சிஜன் ப்ளீச்சை வெந்நீரில் கரைத்துச் சில மணி நேரம் ஊறவிடுங்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் அது ஆகாது. துணி அந்த இடத்தில் மொடமொடவென்று விறைத்துப்போயிருந்தால் எதற்கும் மசியாது, வாங்காதீர்கள்.

பழைய கடையில் ஒரு துணியை எடுத்ததும் எதைப் பார்க்க வேண்டும்?

முன்பக்கம் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். தேய்மானம் ஒளிந்திருக்கும் இடங்கள் வேறு. ஜீன்ஸில் தொடைகள் உரசும் உள்பக்கம். அந்த இடத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள், கொசுவலைபோல ஒளி ஊடுருவினால் சில மாதத்தில் கிழியும். சட்டையில் காலரின் மடிப்பு விளிம்பு, கையின் கஃப். ஸ்வெட்டரில் முழங்கை. கம்பளிப் பேன்ட்டில் உட்காருமிடம் பளபளத்திருக்கிறதா என்று பாருங்கள். ஜிப்பை மூன்று முறை மேலும் கீழும் ஓட்டுங்கள். கோட் என்றால் பைக்குள் கையை விட்டுத் துழாவுங்கள், லைனிங் அங்கேதான் முதலில் பிய்யும். பைக்குள் பழைய டிக்கெட்டோ சாக்லேட் உறையோ கிடைப்பது தனி ஆனந்தம்.

சில குறைகளைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. பட்டன் இல்லாதது, தையல் விட்டுப்போனது, கால் நீளம், கசங்கல், ஸ்வெட்டர் மேல் திரண்ட பஞ்சு உருண்டைகள் எல்லாம் அரை மணி நேர வேலை. எலாஸ்டேன் தளர்ந்தது, கம்பளி சுருங்கித் தடித்துப்போனது, செயற்கைத் தோல் உரிய ஆரம்பித்தது ஆகிய மூன்றுக்கும் வைத்தியம் கிடையாது.

செயற்கைத் தோல் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பளபளவென்று ஒரு ஜாக்கெட் தொங்கும், யாரும் போடாதது போலவே இருக்கும். அதன்மேல் உள்ள பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு, போட்டாலும் போடாவிட்டாலும் காற்றின் ஈரத்தாலேயே வருடக்கணக்கில் சிதைந்துகொண்டிருக்கும். வாங்கிய மாதமே கழுத்துப்பட்டையில் செதில் செதிலாக உதிரும். நல்ல தோல் அப்படி உதிராது, சுருக்கம்தான் விழும்.

சீட்டே இல்லை. என்ன துணி என்று எப்படித் தெரியும்?

கை பழகப் பழகத் தெரிந்துவிடும். உள்ளங்கையில் கசக்கி ஐந்து எண்ணிவிட்டு விடுங்கள். நிறையச் சுருக்கம் விழுந்தால் லினன், பருத்தி அல்லது விஸ்கோஸ் (மரக்கூழிலிருந்து செய்யும் நூல்). பழையபடி விரிந்துகொண்டால் கம்பளி அல்லது பாலியஸ்டர். வீட்டுக்கு வந்த பிறகும் சந்தேகம் என்றால், உள்தையலிலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிந்த வாசனை வந்தால் பருத்தி வகை. முடி பொசுங்கிய வாசனை வந்தால் கம்பளி அல்லது பட்டு. உருகிக் கெட்டி உருண்டையானால் பாலியஸ்டர் போன்ற செயற்கை நூல். விஸ்கோஸ் என்று தோன்றினால் துவைக்கும்போது முறுக்கிப் பிழியாதீர்கள், ஈரத்தில் அது வலுவிழந்துவிடும்.

ஒரே சைஸ் எண், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவாக இருக்கிறதே?

எண்ணை நம்பவே நம்பாதீர்கள். அமெரிக்காவில் 1958-ல் அரசு வெளியிட்ட பெண்கள் ஆடை அளவுத் தரத்தில் 8 என்றால் மார்பு 31 அங்குலம், இடுப்பு 23.5 அங்குலம். 1983-ல் அந்தத் தரத்தையே விலக்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவரவர் இஷ்டம். பெரிய உடம்புக்குச் சின்ன எண்ணைப் போட்டால் வாங்குபவர் மகிழ்வார் என்ற வியாபார உத்தியும் சேர்ந்துகொண்டது. இன்று அந்த 31 அங்குல மார்புக்காரர் அங்கே போனால் அவருக்குக் கிடைப்பது 0 அல்லது அதற்கும் கீழே. ஆக, முப்பது வருடப் பழைய உடுப்பில் 12 என்று இருந்தால் மிரள வேண்டாம்.

வீட்டில் உங்களுக்கு அச்சாகப் பொருந்தும் ஒரு சட்டையையும் ஒரு பேன்ட்டையும் எடுத்துத் தரையில் விரித்து அளந்து, போனில் குறித்துக்கொள்ளுங்கள். சட்டையில் அக்குளுக்கு அக்குள், தோளுக்குத் தோள், கை நீளம், முதுகு நீளம். பேன்ட்டில் இடுப்பு, தொடை, கவட்டையிலிருந்து இடுப்புப்பட்டை வரை, கவட்டையிலிருந்து கால்விளிம்பு வரை. கடைக்கு ஒரு டேப் எடுத்துப் போங்கள். இணையத்தில் வாங்கும்போதும் சைஸைக் கேட்காமல் இந்த அளவுகளைக் கேளுங்கள். உடம்பளவோடு துணியளவைக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. நெய்த துணியில் தைத்த சாதாரணச் சட்டை, மார்பைவிட நாலு முதல் ஆறு அங்குலம் கூடுதலாக இருந்தால்தான் கையை அசைக்க முடியும்.

டெய்லரிடம் கொடுத்தால் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாமா?

எல்லாவற்றையும் முடியாது. ஆனால் டெய்லர் இல்லாமல் இந்தப் பழக்கம் உருப்படவும் செய்யாது. பழைய துணி வாங்க வைத்திருக்கும் பணத்தில் ஒரு பங்கை ஆல்டரேஷனுக்கு என்று முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். பழைய உடுப்பு பழையதாகத் தெரிவது நிறத்தாலோ வயதாலோ அல்ல, இன்னொருவர் உடம்புக்குத் தைத்தது என்று காட்டிக்கொடுக்கும் பொருத்தத்தால்தான். அதே துணியின் இடுப்பைப் பிடித்து, கையை மணிக்கட்டு எலும்போடு நிறுத்திவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது.

சுலபமானவை: கால் நீளம், கை நீளம் (கஃபில் பட்டனும் காஜாவும் இல்லாவிட்டால்), பேன்ட்டின் இடுப்பு, சட்டையின் பக்கவாட்டுத் தையல், ஸ்கர்ட்டின் நீளம். கஷ்டமானது தோள். வாங்கத் தொடங்கிய காலத்தில் சாம்பல்நிறக் கம்பளிக் கோட் ஒன்றைப் பார்த்து மயங்கி, தோள் ஓர் அங்குலம் இறங்கியிருந்ததைப் பொருட்படுத்தாமல் வாங்கி வந்தேன். டெய்லர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையிலேயே கொடுத்துவிட்டார். "தோளைத் தொட்டா கை, காலர், லைனிங் மூணையும் பிரிக்கணுங்க. அதுக்குப் புதுசாவே ஒண்ணு தைச்சுக்கலாம்." அன்றிலிருந்து கோட்டும் ப்ளேசரும் எடுத்தால் முதலில் தோளைத்தான் பார்க்கிறேன். தோள் தையல் என் தோள் எலும்பின் முனையில் வந்து நின்றால் மற்றதைப் பேசலாம்.

பெரிதாக்க வேண்டும் என்றால் உள்ளே விட்டிருக்கும் துணியைப் பாருங்கள். பழைய பேன்ட்டுகளின் பின்பக்கத் தையலில் தாராளமாகவே விட்டிருப்பார்கள். ஆனால் பிரித்த இடத்தில் பழைய ஊசித்துளைகளின் கோடும், வெயில் படாத அடர்நிறப் பட்டையும் தெரியலாம். முக்கியமாக, துவைத்து உலர்த்திய பிறகே டெய்லரிடம் கொடுங்கள். நீளத்தை வெட்டிய பிறகு துணி சுருங்கினால் யாரையும் குறை சொல்ல முடியாது.

பெரிய ரெடிமேட் கடையில் புதிதாக வாங்கும்போது தரத்தை எப்படிப் பார்ப்பது?

உள்பக்கத்தை வெளியே திருப்புங்கள். நூல் தொங்குகிறதா, தையலுக்குள் துணி விட்டிருக்கிறதா என்று பாருங்கள். தையலின் இருபுறமும் பிடித்து மெல்ல இழுத்தால் நடுவில் நூல்கள் பல்லிளிக்கக் கூடாது. கோடு போட்ட சட்டையில் பக்கவாட்டிலும் பையிலும் கோடுகள் நேராகச் சந்திக்கின்றனவா? சந்தித்தால் அதைத் தைத்த இடத்தில் யாரோ துணியை வீணாக்கத் துணிந்திருக்கிறார்கள் என்று பொருள், நல்ல அறிகுறி. டீ-ஷர்ட்டுக்குள் கையை விட்டுப் பாருங்கள், விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் வைத்துவிடுங்கள். துணியின் எடை சொல்லியிருந்தால் சதுர மீட்டருக்கு 180 கிராமுக்கு மேலே இருப்பது உருவம் கெடாமல் நிற்கும்.

ஒரு சின்னத் தந்திரம். புதிதாக வாங்கிய ஒரு கோட்டை மலிவாகக் காட்டுவது பெரும்பாலும் அதன் பட்டன். நாலு நல்ல பட்டன்களை மாற்றித் தைத்துப் பாருங்கள், வேறு கோட் ஆகிவிடும்.

அந்தக் காலத் துணிக்கு ஈடாகுமா என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. அந்தக் காலத்திலும் மட்டமான துணி ஏராளமாக வந்தது. அது எப்போதோ கிழிந்து குப்பைக்குப் போய்விட்டது. முப்பது வருடம் தாண்டி நம் கைக்கு வந்திருப்பது பிழைத்தது மட்டும்தான். பிழைத்ததை வைத்துக்கொண்டு எல்லாமே அப்படித்தான் என்று முடிவு கட்டுகிறோம். இதில் வாங்குபவருக்கு ஒரு லாபம் உண்டு. காலம் ஏற்கெனவே சலித்துக் கொடுத்துவிட்டது. போன வருடத்து மலிவு உடுப்புக்கு அந்தச் சலிப்பு நடக்கவில்லை. பழைய கடையில் அதையும் அதே கொக்கியில்தான் மாட்டி வைத்திருப்பார்கள், கவனமாக இருங்கள்.

தனித்தனியாக எல்லாம் நன்றாக இருக்கிறது. சேர்த்துப் போட்டால் ஏதோ இடிக்கிறது. ஏன்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இடிப்பது பெரும்பாலும் மூன்று இடங்களில்.

முதலாவது, உடல் எங்கே வெட்டுப்படுகிறது என்பது. மேலுடுப்பு இடுப்புக்கும் தொடைக்கும் நடுவில், பாதிப் பாதியாக உடலைப் பிரித்தால் கட்டையாகத் தெரியும். மூன்றில் ஒரு பங்கு மேலே, இரண்டு பங்கு கீழே என்று பிரியும்போது கண் ஏற்றுக்கொள்கிறது. அதற்கு வேறு உடுப்பு தேடி அலைய வேண்டியதில்லை. சட்டையின் முன்பகுதியை மட்டும் உள்ளே செருகினால் போதும், அல்லது நீளமான ஒன்றைத் திறந்தபடி மேலே போட்டால் போதும். பழைய உடுப்புகளின் நீளம் இன்றைய நீளத்தோடு ஒத்துப்போகாது. பழைய ப்ளேசர் தொடைவரை வரும், பழைய ஸ்வெட்டர் இடுப்போடு நின்றுவிடும். அந்த வித்தியாசம்தான் இடிப்பது. துணியைக் குறை சொல்லாதீர்கள்.

இரண்டாவது, அகலம். மேலே தொளதொளப்பு என்றால் கீழே ஒடுக்கம், கீழே அகலம் என்றால் மேலே பிடிப்பு. இரண்டுமே தொளதொளப்பாகவும் போடலாம். ஆனால் அப்போது கழுத்தோ மணிக்கட்டோ கணுக்காலோ கொஞ்சம் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் யாருடைய துணியையோ கடன் வாங்கியதுபோல இருக்கும். நம் விஷயத்தில் அது நிஜம் என்பதால் இன்னும் கவனம் வேண்டும்.

மூன்றாவது, பளபளப்பின் வயது. புத்தம்புதிய பாலியஸ்டர் பேன்ட்டின் மினுக்கும், பத்து வருடம் துவைத்த டெனிம் சட்டையின் மங்கலும் பக்கத்தில் நின்றால் ஒன்று மற்றொன்றைக் காட்டிக்கொடுக்கும். நடுவில் ஒரு பாலம் வேண்டும். மங்கலான சட்டைக்கு மங்கலான தோல் பெல்ட், அல்லது புதுப் பேன்ட்டை மினுக்கில்லாத பருத்தியில் எடுப்பது.

கறுப்புக்குக் கறுப்பு பொருந்தவில்லையே?

பொருந்தாதுதான். ஒரு கறுப்பு நீலம் கலந்தது, இன்னொன்று பழுப்பு, மூன்றாவது வெளுத்துச் சாம்பலாகியது. வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், திகைப்பீர்கள். ஒரே நிறத்தில் சேர்க்கப் பார்த்துத் தவறுவதைவிட, நெசவை மாற்றிவிடுங்கள். கம்பளிக் கறுப்போடு டெனிம் கறுப்பு, பின்னல் கறுப்போடு தோல் கறுப்பு. நெசவு வேறாகிவிட்டால் நிறம் ஒத்துவராததைக் கண் குற்றமாகப் பார்ப்பதில்லை. கருநீலமும் அப்படித்தான்.

வெளுத்ததற்குச் சாயம் போட்டுவிடலாமா?

பருத்தி, லினன், விஸ்கோஸ் என்றால் வீட்டிலேயே போடலாம். ஆனால் ரெடிமேட் உடுப்புகளைத் தைக்கும் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர். துணி சாயம் ஏறிக் கறுப்பாகும், தையல் நூல் பழைய நிறத்திலேயே நிற்கும். சிவப்புச் சட்டை கறுப்பாகி, ஓரமெல்லாம் சிவப்புக் கோடு ஓடும். சிலருக்கு அது பிடித்தும்போகும். நல்ல கோட்டில் பரிசோதனை செய்யாதீர்கள்.

உதாரணமாகச் சில சேர்க்கைகள் சொல்லுங்களேன்?

நான் அடிக்கடி போடுவது: பழைய சாம்பல் கம்பளி ப்ளேசர், உள்ளே புது வெள்ளை வட்டக்கழுத்து டீ-ஷர்ட், அடர்நீல ஜீன்ஸ். ப்ளேசரின் கையை ஒருமுறை மேலே தள்ளிவிட்டால் அலுவலக வாடை போய்விடும். இதிலேயே டீ-ஷர்ட்டுக்குப் பதில் சட்டையும், ஜீன்ஸுக்குப் பதில் கறுப்புப் பேன்ட்டும் போட்டால் அலுவலகத்துக்கே ஆகிவிடும்.

வெளுத்த டெனிம் சட்டையை முழுப் பட்டனும் போட்டு உள்ளே செருகி, புதிய, நேரான வெட்டுள்ள வெள்ளை அல்லது மணல்நிறப் பேன்ட். பழுப்புப் பெல்ட் வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் வெறுமையாக இருக்கும்.

பழைய மடிப்பு ஸ்கர்ட், கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்பது, பூவோ கட்டமோ போட்டது. அதற்கு மேலே புதிய, உடம்போடு படியும் ஒற்றை நிறப் பின்னலாடை. அந்த நிறத்தை ஸ்கர்ட்டின் பூவிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள், பெரிய பூவிலிருந்து அல்ல, ஓரமாக இருக்கும் சின்ன இலையிலிருந்து. பெரிய பூவின் நிறத்தை எடுத்தால் சீருடைபோல ஆகிவிடும்.

ஆண்கள் பிரிவில் கிடைக்கும் பெரிய அளவுக் கோடு போட்ட சட்டை, அடியில் பனியன்போன்ற கறுப்பு மேலுடுப்பு, ஒடுக்கமான பேன்ட். சட்டையைத் திறந்தே விட வேண்டும்.

எல்லாவற்றிலும் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கண்ணை இழுக்கும் உடுப்பு ஒன்றே ஒன்று, மற்றவை அதற்கு வழிவிட்டு நிற்பவை.

எதிர்ப்பாலினத்தவர் பிரிவில் வாங்கலாமா?

தாராளமாக. பட்டன் பக்கம் மாறும், ஆண்கள் சட்டையில் வலப்பக்கம், பெண்கள் சட்டையில் இடப்பக்கம். தோளும் அக்குளும் சரியாக இருந்தால் வேறெதையும் யோசிக்க வேண்டாம். ஆண்கள் ஸ்வெட்டர் பகுதியில் நல்ல கம்பளி அதிகம் கிடைப்பது என் அனுபவம்.

பழைய செருப்பு, ஷூ?

தோல் ஷூ என்றால் யோசிக்கலாம். உள்ளே முந்தையவரின் விரல்தடம் ஆழமாகப் பதிந்திருந்தால் வேண்டாம், அந்தப் பள்ளம் உங்கள் காலுக்கு ஒத்துழைக்காது. ஓட்டத்துக்கான ஷூவைப் பழையதாக வாங்கவே வாங்காதீர்கள். பாலியூரிதேனில் செய்த அடிப்பாகம், மேலே சொன்ன செயற்கைத் தோலைப்போலவே உள்ளுக்குள் நைந்துபோயிருக்கும். பெட்டியைப் பிரிக்காத பழைய ஷூவைப் போட்டு நடந்தவர், நடந்த வழியெல்லாம் துகள் உதிர்த்துக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். வாங்கியே ஆக வேண்டும் என்றால் கட்டைவிரலால் அடிப்பாகத்தை அழுத்திப் பாருங்கள். திரும்பி எழும்ப வேண்டும், பொடியக் கூடாது.

மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிக் குவித்துவிடுகிறேன். எப்படி நிறுத்துவது?

எனக்கும் இந்த வியாதி இருந்தது, இப்போதும் அவ்வப்போது தலைகாட்டும். கடையில் நிற்கும்போதே, ஏற்கெனவே வீட்டில் இருக்கும் மூன்று உடுப்புகளோடு இதைச் சேர்த்து மனதுக்குள் போட்டுப் பார்ப்பேன். மூன்று தேறவில்லை என்றால் கொக்கியிலேயே மாட்டிவிடுவேன். இதற்காகவே இன்னொரு பேன்ட் வாங்க வேண்டும் என்று மனது சொன்னால் உடனே வெளியே வந்துவிடுவேன். 'இளைத்த பிறகு போடலாம்' என்று வாங்கியவை என்னிடம் இரண்டு இருந்தன. இரண்டும் என்னைவிட நன்றாக இளைத்த ஒரு தோழியிடம் போய்ச் சேர்ந்தன.

வேண்டாததை என்ன செய்வது? கொடுத்துவிட்டால் யாருக்காவது பயன்படும்தானே?

பயன்படும் நிலையில் இருந்தால் பயன்படும். கொடுப்பதெல்லாம் யாரோ ஒருவர் தோளில் ஏறிவிடுகிறது என்று நினைத்துக்கொள்வதுதான் தவறு. பணக்கார நாடுகளில் தானமாகப் போகும் துணியின் ஒரு பகுதி மூட்டை மூட்டையாகக் கப்பலேறுகிறது. கானாவின் அக்ரா நகரில் உள்ள கண்டமாண்டோ சந்தை அப்படி இறங்கும் துணிகளின் பெரிய இடங்களில் ஒன்று. அவற்றுக்கு அங்கே உள்ள பெயர் 'ஒப்ரோனி வாவு'; இறந்த வெள்ளைக்காரரின் துணி என்று பொருள். உயிரோடு இருப்பவர் இவ்வளவையும் கழித்துவிட மாட்டார் என்று நினைத்திருக்கிறார்கள். மூட்டையைப் பிரித்தால் கறையும் கிழிசலுமாக விற்க முடியாதது நிறைய வருகிறது, அது அந்த ஊர்க் குப்பையாகிவிடுகிறது. 2025 ஜனவரி தொடக்கத்தில் அந்தச் சந்தையின் பெரும்பகுதி தீயில் எரிந்தும் போனது.

ஆகவே துவைத்து, பட்டன் தைத்து, நண்பருக்குக் கொடுக்கக் கூச்சப்படாத நிலையில் இருப்பதை மட்டும் கொடுங்கள் அல்லது விற்றுவிடுங்கள். கிழிந்தது வீட்டிலேயே துடைக்கும் துணியாகட்டும். கத்தரிக்கும் முன் பட்டன்களை வெட்டி ஒரு டப்பாவில் போட்டுவையுங்கள். அடுத்த புதுக்கோட்டுக்கு நாலு நல்ல பட்டன் தேவைப்படும்.